கன்னையாவின் வெள்ளைச் சொக்கா

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் வரும் கடை ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில் இன்றைக்கும் திறந்திருக்கிறது. கடைக்காரி உயிரோடு இருக்கிறாள். அவளுடைய அப்பாவும் இருக்கிறார். அவருக்கு எதிரே உட்கார்ந்து நானே டீ குடித்திருக்கிறேன். கட்டிவிட்ட கதையாக இருந்தால் இதைவிட நல்லபடியாக முடித்திருப்பேன்.

கடைக்காரியின் பெயர் தரணி. ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிற கடை. ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு... எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்கு அவள்தான். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டிரண்டாகப் போடுவாள். டிசைன் மட்டும் இங்கே. பிரிண்ட் திருப்பதியில். அங்கே ரகு என்று ஒரு மெஷின்காரன், அவளோடு படித்தவன். காலையில் இருவருக்கும் பொதுவான நெட் ஃபோல்டரில் ஃபைலைப் போட்டால் சாயந்தரம் பேனர் சுருட்டி பஸ்ஸில் வந்துவிடும்.

வீடு விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் அவளும் அப்பா கன்னையாவும் மட்டும். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. கன்னையா ஒரு காலத்தில் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், கோவர்த்தனன் வீட்டு மாட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டவர். நாற்பது வருஷம் அங்கேதான் கழிந்தது. இப்போது கையளவு சொந்த நிலம், அதில் வேர்க்கடலை, வீட்டில் ஒரு கறவை மாடு. எழுதப் படிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆனால் இரண்டிலும் வாய் ஓயாமல் பேசுவார். தரணிக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவர். இதை அவள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

எல்லாம் ஒரு சட்டையில் ஆரம்பித்தது.

சாவு பேனர் போடுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. செத்தவருக்கு நல்ல போட்டோ இருக்காது. முகம் இருந்தால் உடம்பு இருக்காது. அந்த வருஷம் சித்திரையில் ஹெட்மாஸ்டர் முனியப்பன் போய்விட்டார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பாஸ்போர்ட் போட்டோ. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. "ஒரு வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு போட்டுக் குடு மா" என்றார்கள்.

தரணி தன் போனில் தேடினாள். நாராயணவனத்தில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. நைனா புது வெள்ளைச் சொக்கா, ஜரிகைத் துண்டோடு நிமிர்ந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் தரணி. அவளுடைய வலது கை அவர் தோள்மேல் இருந்தது. கையில் பச்சைக் கண்ணாடி வளையல்.

நைனாவின் தலையை எடுத்தாள். பின்னால் நின்ற தன்னை எடுத்தாள். தோளில் இருந்த தன் கையையும் துடைத்தாள். ஹெட்மாஸ்டர் முகத்தைக் கழுத்தில் ஒட்டினாள். அச்சாகப் பொருந்தியது.

சட்டைப் பையில் நைனாவின் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. பீடி வாசனையே ஆகாத மனுஷன் ஹெட்மாஸ்டர். அந்த உடம்பை அவள் தனி ஃபைலாக வைத்து, தெலுங்கு பேனரிலும் தமிழ் பேனரிலும் இணைத்திருந்தாள். அப்படி இணைத்தால் ஒரு வசதி. மூல ஃபைலில் ஒரு தடவை திருத்தினால் போதும். அது இணைந்திருக்கிற எல்லாப் பேனரிலும் தானாகத் திருந்திவிடும். மூலத்தில் பீடிக்கட்டை அழித்தாள். இரண்டு பேனரிலும் பை தட்டையாகிவிட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

சாயந்தரம் நைனாவிடம் போனில் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என் சொக்கா பேனர் ஏறிடுச்சு. நான்தான் ஏறல."

"நீ போனா உனக்கும் வெக்கிறேன் நைனா. ஓசியிலயே."

"அப்பவும் இந்தச் சொக்காதானா? நான் வேற வாங்கி வெச்சுக்கினு போறேன்."

மறுநாள் ரோட்டு முனையில் பேனர் ஏறியது.

அன்றைக்குச் சாயந்தரம் தரணி வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கடலை மடித்து வந்த தெலுங்குப் பேப்பர். நேராகப் பிடித்திருந்தார். கண் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்று, நாக்கைச் சப்புக்கொட்டி, ஆள்காட்டி விரலால் அந்த எழுத்தைத் தட்டினார். தப்பாக அச்சாகியிருந்த எழுத்து அது.

"நைனா, இன்னா பண்ற?"

அவர் தலையைத் தூக்கினார். கண்ணில் ஒரு கண்டிப்பு. அவளை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வேடிக்கை பண்ணுகிறார் என்று விட்டுவிட்டாள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பேனரை அவிழ்த்தார்கள். அதற்கப்புறம் அவர் பேப்பர் பக்கமே போகவில்லை. யார் கேட்டாலும், "நானா? பேப்பரா?" என்று சிரித்தார்.

ஆடியில் நாதஸ்வரக்காரர் ரமணா போனார். நாராயணவனம் திருவிழா ஒன்று விடாமல் வாசித்தவர். அவருடைய படங்களில் எல்லாம் சட்டை கிடையாது, வெறும் மார்பும் வாத்தியமும்தான். வீட்டுக்காரர்கள் சட்டை போட்ட படம் வேண்டும் என்றார்கள். தரணி அதே உடம்பை எடுத்தாள்.

அந்தப் பதினாறு நாளும் நைனாவின் விரல்கள் ஓயவில்லை. மாட்டுக் கொம்பை நீவும்போது, சாட்டைக் குச்சியைப் பிடித்திருக்கும்போது, சும்மா முழங்காலின் மேல் வைத்திருக்கும்போதுகூட... விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறந்தன. கன்னம் உப்பி வடிந்தது. அவருக்குப் பாட்டு வராது. தாலாட்டில்கூடத் தாளம் தப்புகிறவர்.

பேனர் இறங்கியது. விரல்களும் அடங்கின. ஆனால் அவர் கன்னத்தில் சதை வற்றிப்போயிருந்தது. வலது தோள் லேசாகச் சாய்ந்திருந்தது. "எதையோ தூக்கிக்கினு நடந்த மாதிரி கீது மா" என்று மட்டும் சொன்னார்.

புரட்டாசியில் மருத்துவச்சி செங்கம்மா போனாள். விஜயபுரத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவர்கள். அவள் பேத்தி நல்ல படம் ஒன்றை வைத்திருந்தாள், புடவையோடு முழு உருவம். அப்படியே போட்டாள் தரணி. அந்தப் பேனர் இருந்த நாட்களில் நைனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார்.

இதைத் தரணி அப்போது கவனிக்கவில்லை. அப்போதே கவனித்திருந்தால் என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

மார்கழி பிறந்ததும் சர்பஞ்ச் கோவர்த்தனன் போனார். மூன்று தடவை சர்பஞ்சாக இருந்தவர். ரோடு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துச் சுவர், எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. அவர் மகன் ஜெயபிரகாஷ் காரில் வந்து இறங்கினான். போட்டோவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் கழுத்தில் கட்சித் துண்டு. மகன் இப்போது வேறு கட்சி.

"துண்டு இல்லாம வேணும் மா. முனியப்ப சாருக்குப் போட்டியே, பாக உந்தி, ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த மாதிரி பண்ணு."

அதோடு இன்னொரு வேலையும் கொடுத்தான். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முடியும்போது, அந்த வருஷம் போய்ச்சேர்ந்த பெரிய மனிதர்களை எல்லாம் ஒரே பேனரில் வரிசையாக நிற்க வைத்து ரோட்டு முனையில் கட்டுவார்கள். ஜனவரிப் புது வருஷத்தில் ஏறும். போகி அன்று விடியலில் இறங்கும். அந்த வருஷம் பெரிய பேனரில் நிற்க நான்கு பேர்: ஹெட்மாஸ்டர், நாதஸ்வரக்காரர், செங்கம்மா, சர்பஞ்ச்.

"எங்க நைனா கருமாதி அன்னைக்கு அந்தப் பேனர் எறங்கும். இந்தப் பேனர் ஏறும். இப்பவே ரெடி பண்ணி திருப்பதிக்கு அனுப்பிடு."

தரணி மத்தியானத்துக்குள் இரண்டையும் முடித்துவிட்டாள். பெரிய பேனரில் செங்கம்மா மட்டும் அவளுடைய சொந்தப் புடவையில் நின்றாள். மற்ற மூன்று பேரும் நைனாவின் சொக்காவில் நின்றார்கள். சர்பஞ்சின் பேனரை ஜெயபிரகாஷ் காரிலேயே எடுத்துவர, அன்று பொழுது சாய்வதற்குள் ஏறிவிட்டது. பெரிய பேனர் ரகுவின் கம்ப்யூட்டரில் வருஷக் கடைசிக்காகக் காத்திருந்தது.

சாயந்தரம் அவள் வீட்டுக்கு வந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

மாடு கட்டுத்தறியில் இல்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றிருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது.

வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. விருந்தாளிக்கு என்று வைத்தது. நைனா அதில் உட்கார்ந்ததே கிடையாது. கடையில் வாங்கிய அன்றைக்கு உட்காரச் சொல்லிக் கெஞ்சியும் தரையில்தான் குந்தினார்.

இன்று உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால். துண்டை ஒரு பெரிய மனிதர் மாதிரி மடித்துத் தோளில் போட்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

"நான்தான் நைனா."

அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்படி அவர் யாரையும் பார்த்ததில்லை. அவரைத்தான் மற்றவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

"கன்னையா எங்க?"

தரணி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"இன்னா நைனா... நீதானே கன்னையா..."

அவர் சிரித்தார். தொண்டைக்குள் உருளும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். சர்பஞ்ச் வீட்டுக் கொல்லையில், நைனா சாணி வாரும்போது, மாடியிலிருந்து அது வரும்.

"மாடு அவுந்துக்கினு நிக்குது. அவனைக் கூப்புடு. எங்க போய்த் தொலைஞ்சான்?"

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க வீட்டுத் தண்ணிய நான் குடிப்பேனா?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் உறைத்தது. பேப்பர். விரல்கள். நாற்காலி. சொந்தப் புடவையில் நின்ற செங்கம்மா வரவில்லை. நைனாவின் சொக்காவை மாட்டிக்கொண்டவர்கள்தான் வந்தார்கள்.

மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. சோற்றைக் கொண்டுபோனால் தட்டைக் காலால் நகர்த்தினார். உதடு வெடித்துத் தோல் உரிந்தது. உள்ளே இருந்தவருக்கு அந்த வீட்டுப் பானையில் கை வைக்க ஆகாது. காய்வதோ நைனாவின் உடம்பு. கடையிலிருந்து காகிதக் கப்பில் டீ வாங்கி வந்தாள். அதில் இரண்டு வாய் மட்டும் இறங்கியது. கருமாதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரை அந்த உடம்பு தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரகுவுக்குப் போன் போட்டுப் பெரிய பேனரை நிறுத்தச் சொன்னாள். ஜெயபிரகாஷ் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணா, அந்தப் பேனரை எறக்கிடுங்கண்ணா. வேற நல்லா போட்டுத் தர்றேன்."

"கருமாதிக்கு முன்னாடி எறக்குவாங்களா? பெரியவங்க விஷயம் மா இது. உங்க கன்னையாகிட்டயே கேட்டுப் பாரு, சொல்லுவான்."

திரும்பி வந்தாள். நாற்காலியில் அவர் அப்படியே இருந்தார். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கை விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் மூடித் திறந்துகொண்டிருந்தன. உதடுகள் எதையோ வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தன. கால்மேல் கால் ஆடியது.

மூன்று பேரும் இருந்தார்கள். பெரிய பேனர் ஏறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

தரணி தரையில் விழுந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். கால் நைனாவின் கால்தான். வெடிப்பு வெடிப்பாக, அவள் எண்ணெய் தடவுகிற கால்.

"ஏன் எங்க நைனாவைப் புடிச்சுக்கினீங்க? அவரு உங்களுக்கு இன்னா பண்ணாரு?"

உதடு அசைவது நின்றது. விரலும் நின்றது.

"காலியா கெடந்துச்சு."

"இன்னாது?"

"தோளு."

வேலி ஓரத்தில் மாடு மட்டும் மூச்சு விட்டது.

"ஒரு கை இருந்துச்சு. அதை நீதானே எடுத்துட்ட..."

அவள் எழுந்து ஓடினாள். புத்தூர் போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள். கடையைத் திறந்தாள். மூல ஃபைலைத் திறந்தாள். நாராயணவனத்துப் படத்திலிருந்து தன் கையை வெட்டி எடுத்து, எந்தத் தோளிலிருந்து அழித்தாளோ அதே தோளில் வைத்தாள். பச்சை வளையல் வரைக்கும் சரிபார்த்தாள். மேலே நைனாவின் சொந்த முகத்தை வைத்துத் தாளில் ஒரு பிரதி எடுத்தாள். முகத்தை மட்டும் மறைத்துவிட்டு மூல ஃபைலைச் சேமித்தாள். எப்போதும் செய்கிற பழக்கம். கை தானாகச் செய்தது.

வீடு திரும்பியபோது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். நிஜக் கையை நிஜத் தோளில் அழுத்தி வைத்தாள்.

"நைனா. இந்தா. கை வெச்சுட்டேன்."

அவர் தாளையே பார்த்தார். மேலே தூக்கிப்போட்டிருந்த கால் மெல்லக் கீழே இறங்கியது. உடம்பு நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் குந்தியது. பானையை இழுத்துச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏன் மா அழுதுக்கினு கீற? சோறு துன்னியா?"

அன்றைக்கு அவள் அழுத அழுகை அம்மா செத்தபோதுகூட அழாதது.

தாளை அவர் படுக்கும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். அவர் தேறினார். மாடு கட்டுத்தறிக்கு வந்தது. சர்பஞ்சின் பேனர் ரோட்டு முனையில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் நைனாவை ஒன்றும் செய்யவில்லை. கை காத்துவிட்டது என்று அவள் நம்பினாள்.

வருஷக் கடைசியில் ஒரு நாள் காலை. அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். ரகுவின் போன் வந்தது.

"ஜெயபிரகாஷ் ஆளு வந்து நிக்கிறாரு. பெரிய பேனரைப் போடட்டுமா?"

நைனா கொல்லையில் பீடி பிடித்துக்கொண்டு மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

"போடு."

"மூல ஃபைல் லிங்க் மாறியிருக்கு, அப்டேட் பண்ணவான்னு கேக்குது."

"பண்ணு, பண்ணு." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னாள். கவனம் பால் செம்பில் இருந்தது.

புது வருஷத்தன்று காலை ரோட்டு முனைக்குப் பஸ் ஏற வந்தாள். பேனர் ஏறியிருந்தது. ஜெயபிரகாஷ் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் நிமிர்ந்தாள்.

நான்கு பேர். நடுவில் செங்கம்மா, வெறும் புடவையோடு.

மற்ற மூன்று பேர் வெள்ளைச் சொக்காவில்.

மூன்று தோளிலும் ஒரு பெண்ணின் கை.

பச்சைக் கண்ணாடி வளையல்.

"பாக உந்தி மா" என்றான் ஜெயபிரகாஷ். "பெத்த பொண்ணு கை வெச்சுக்கினு நிக்கிற மாதிரி. எங்க நைனாவுக்குப் பொண்ணு இல்லியேன்னு குறை இருந்துச்சு."

அவளுடைய வலது கை மணிக்கட்டு வரைக்கும் ஜில்லென்று ஆகிவிட்டது. பனி என்று நினைத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பனி இல்லை.

கடையில் மவுஸைப் பிடித்தாள். விரல்கள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறந்தன.

எடுத்துவிட்டாள்.

தூசி படிந்த கண்ணாடிக் கதவைத் திறக்கக் கையை வைத்தாள். ஆள்காட்டி விரல் எழுத ஆரம்பித்தது. கொட்டை கொட்டையாக, தெலுங்கில், சுண்ணாம்புக்கட்டியில் எழுதுகிற அழகான எழுத்து. அவள் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

கையை இழுத்தாள்.

வரவில்லை... அந்த வார்த்தை முடிகிறவரை வரவில்லை.

எழுதியிருந்தது ஒரே வார்த்தை. ஹாஜர். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது சொல்கிற ஆஜர்.

வீட்டுக்கு வந்தாள். நைனா எதிரே வந்தார். அவள் வாய் திறக்கும் முன்பு அந்தக் கை உயர்ந்தது. அவர் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கியது.

டக்.

நைனா அப்படியே நின்றார். முதுகு வளைந்தது. சர்பஞ்சுக்கு எதிரே நிற்கும்போது செய்கிற மாதிரி, தோளிலிருந்த துண்டைத் தானாக எடுத்து இடுப்பில் கட்டினார்.

"சாமி..." என்றார்.

தரணி கத்திக்கொண்டு அந்தக் கையைச் சுவரில் அடித்தாள். வளையல் உடைந்தது. வலி தெரியவில்லை.

அந்தப் பொழுதிலிருந்து துண்டால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பேனரை அவிழ்க்கச் சொல்லி மறுபடியும் கேட்டாள். "போகிக்கு எறங்கிடும் மா, இன்னா அவசரம்?" என்றான் ஜெயபிரகாஷ். தானே கிழித்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் பிளேடோடு போனாள். பேனரில் நின்ற நான்கு பேரின் வீட்டு ஆட்களும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். செத்த பெரியவர்களின் பேனரைக் கன்னையா மகள் கிழித்தாள் என்றால் ஊரில் இருக்க முடியாது. முதலில் அடிபடுவது நைனாதான். திரும்பி வந்துவிட்டாள்.

எப்படியோ போகி வந்தது.

முந்தின நாள் முழுக்கத் தூறல். விடியலில் தெருவெல்லாம் புகை. பழைய பாயையும் கூடையையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். தரணி ரோட்டு முனைக்கு ஓடினாள். தன் கையாலேயே அவிழ்த்து, தன் கையாலேயே எரித்துவிட வேண்டும்.

இரண்டு கம்பங்கள் நின்றன.

நடுவில் ஒன்றுமில்லை.

அறுத்த கயிற்று நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் கேட்டாள். "சாயந்தரமே யாரோ அவுத்துக்கினு போய்ட்டாங்க மா. மழை வந்துச்சு இல்ல, வைக்கோலுக்குப் போட்டிருப்பாங்க."

உங்களுக்குத் தெரியாதது இல்லை. கனமான ஃப்ளெக்ஸை யாரும் வீணாக்க மாட்டார்கள். வைக்கோல் போர், மாட்டுக்கொட்டாய், கடலை மூட்டை, போர்வெல் மோட்டார், எதன்மேல் வேண்டுமானாலும் போர்த்துவார்கள். படம் உள்பக்கம் போகும்படி போட்டுவிட்டால் வெளியே வெறும் வெள்ளைதான் தெரியும். தரணி பஸ் மாறி பஸ் ஏறித் தேடாத ஊர் இல்லை. விஜயபுரம், நகரி, நாராயணவனம், இந்தப் பக்கம் சத்தியவேடு வரை தேடினாள். ஒவ்வொரு போராக இடது கையால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கோயில் திருவிழா கிடைத்தது, பிறந்தநாள் குழந்தை கிடைத்தது, தேர்தல் கிடைத்தது. அந்த நான்கு பேர் கிடைக்கவில்லை.

ஆகவே அந்தப் பேனர் இன்னும் இறங்கவில்லை. எங்கோ விரிந்துதான் கிடக்கிறது.

நான் அவளைப் பார்த்தது பங்குனியில். என் வீட்டு விசேஷத்துக்குப் பேனர் போடப் போயிருந்தேன். இடது கையால் டிசைன் செய்துகொண்டிருந்தாள். வலது கை துண்டில் சுற்றி மேஜைக்குக் கீழே இருந்தது. அடிபட்டதா என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கடைசியில் சிரித்தாள்.

"கை போனா போகட்டும். எங்க நைனாவை மீட்டுக்கினேன். அது போதும்."

வேலை முடிய நேரமாகும் என்றாள். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். எதிரே கன்னையா. மகளைத் துணைக்கு இட்டுப்போகத் தினமும் வருகிறார். மெலிந்த மனிதர். நல்ல பேச்சு. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. தரையில் குந்தி டீயை ஊதிக் குடித்தார். வலது தோள் நன்றாக இறங்கியிருந்தது.

இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். கடைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மத்தியானத்துல அவ கண்ணு அசருவா. அப்ப கட்டு அவுந்துடுது சார். அந்தக் கை மட்டும் எழுந்து வந்து என் தோள் மேல உக்காருது."

"மகள் கைதானே..." என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அவர் சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். தோளில் ஐந்து விரல் கன்றிப்போய் நீலமாகப் பதிந்திருந்தது. அகலமான விரல்கள். தரணியின் விரல்கள் மெல்லியவை.

"நாப்பது வருஷம் வாங்கின புடி சார். எனக்குத் தெரியாதா, யாரு புடின்னு?"

டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. காப்பாத்திட்டோம்னு நெனச்சுக்கினு கீறா."

கடைக்குள்ளிருந்து யாரோ விரல் சொடுக்கும் சத்தம் கேட்டது. கன்னையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.